சம்பந்தி காட்ட நினைத்த கல்நகரம்

கதிர்,

ஊர் வந்து சேர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சு. காலையில குளிரு, மத்தியானம் வெயிலு," என்றேன். "அம்மா முட்டி?" என்றாய். "பரவால்ல," என்றேன். அதோடு முடிந்தது. உன் மாமனார் இறந்து ஐந்து மாதம் கழித்து அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய் வந்தவன், மகனிடம் சொன்னது குளிரையும் வெயிலையும்தான். போனை வைத்ததும் உன் அம்மா சமையலறையிலிருந்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அங்கே ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அது உனக்குத் தெரிந்தாக வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவிலேயே நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அப்படி வைக்க உன்னைப் பழக்கியவனும் நான்தான். அதனால் எழுதுகிறேன். பள்ளியில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது. அவசரமில்லாமல் படி.

நீ பெர்த்திலிருந்து லீவில் வந்திருந்த அந்தச் சாயங்காலத்திலிருந்து தொடங்க வேண்டும். நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. சிங்கப்பூரில் நம் மார்சிலிங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உன் போனை என் பக்கம் நகர்த்தினாய். நீ கட்டிக்கொள்ள விரும்பிய சிப்போவின் படம். நர்ஸ் உடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தில் உயரமான ஒரு கல்சுவர். "இது அவ ஊரு பக்கத்துலதான்ப்பா. கிரேட் ஜிம்பாப்வேன்னு பேரு. பழைய தலைநகரம். சாந்தே இல்லாம வெறும் கல்லை அடுக்கிக் கட்டியிருக்காங்க," என்றாய். உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் கிடைத்த பதக்கத்தை எடுத்து வந்து காட்டும்போது இருந்த அதே பெருமை. நான் படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்களா கட்டுனாங்க? எவனாவது வெள்ளைக்காரன் வந்து கட்டிக் குடுத்திருப்பான் லா," என்றேன். நீ போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பேரு என்ன சொன்னே? சீப்போ கண்ணாடியோ..." என்று வேறு கேட்டேன். உன் அம்மா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் சொன்ன காரணங்கள் உனக்கு நினைவிருக்கும். தூரம் என்றேன். மதம் என்றேன். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் என்ன மொழி பேசும் என்றேன். நீ எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். கடைசியில் ஒரு நாள், "அந்த பஸ் கதை ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டாய். எனக்கு நினைவிருந்தது. உனக்கு அப்போது ஒன்பது வயது. உட்லண்ட்ஸ் நிலையத்தில் நான் ஓட்டிய பஸ்ஸில் ஏறிய ஒரு பெண், என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் குளித்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போகிறவன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ சோற்றைக் கீழே வைத்துவிட்டு அழுதாய். "அன்னைக்கு நீங்க எப்படி அழுதீங்க? இப்ப நீங்க என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டாய். "அது வேற, இது வேற," என்றேன். என்ன வேறு என்று நீ கேட்கவில்லை.

சிப்போவின் ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறித்து நீ டிக்கெட் அனுப்பினாய். உன் அம்மா தேக்கா கடைகளுக்குப் போய்ச் சம்பந்திக்கு ஒரு பட்டு வேட்டியும் சம்பந்தியம்மாவுக்கு ஓர் அரக்கு நிறப் பட்டுப்புடவையும் வாங்கி வந்து பெட்டி கட்டினாள். நான், "போறதுன்னா போ. திரும்பி வந்து இந்த வீட்டுல கால் வைக்காதே," என்றேன். முப்பத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். வேட்டியும் புடவையும் மட்டும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. உன் கல்யாணத்தைச் சமையலறையில் நின்று போனில் பார்த்தாள். நான் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அப்படியும், போனிலிருந்து ஒரு ஆம்பளைக் குரல் ஆங்கிலத்தில், "என் சகோதரர் எங்கே? அவரைக் காட்டுங்க," என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவள் குரலைத் தாழ்த்தி ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு நான்கு வருஷம். நீ மாதத்துக்கு ஒரு முறை போன் செய்வாய். என்னோடு இரண்டு நிமிடம், அம்மாவோடு ஒரு மணி நேரம். போன மார்ச்சில் ஒரு நாள் வழக்கமில்லாத நேரத்தில் என் போனுக்கே கூப்பிட்டாய். "அப்பா, மாமா தவறிட்டாரு," என்றாய். நான் பதறிப்போய், "எந்த மாமா?" என்று கேட்டேன். உன் அம்மாவின் அண்ணன் ஜோகூரில் இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை அதிகம், எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். சத்தியமாக வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. "ஒண்ணுமில்லப்பா. அம்மாகிட்ட குடுங்க," என்றாய்.

அவளிடம் கொடுத்தேன். அவள் அழுதபடி பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். "உங்க சம்பந்தி செத்துப் போயிருக்காரு. எந்த மாமான்னு கேக்குறீங்க," என்றாள். அவ்வளவுதான். அதன்பின் நாலைந்து நாள் சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. பிறகு ஒரு காலையில் கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள். "அடக்கத்துக்குப் போக முடியல. துக்கம் கேக்கவாச்சும் நான் போகப் போறேன். ஜோகூர்ல யார் வீட்டுச் சாவுன்னாலும் பஸ் புடிச்சுப் போயிருக்கேன். இது என் பிள்ளை வீடு. நீங்க வாங்க, வராம இருங்க." அவள் முட்டி வலிக்கு மருத்துவர் ஊசி போட்டு முடிக்கவே ஆகஸ்டு ஆகிவிட்டது. நீயும் வருவாயா என்று கேட்டோம். "லீவு இல்லப்பா," என்றாய். லீவு மட்டும் காரணமில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. என்ன காரணம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ஹராரே விமான நிலையத்தில் சிப்போவின் தம்பி டட்டெண்டா எங்கள் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பெட்டியைத் தூக்கப் போனதும் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டான். "வேண்டாம் வேண்டாம், உங்க நெஞ்சுக்கு ஆகாது," என்றான். அந்த ஊரில் பெரியவர்களிடம் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணி நேரம் காரில் போய் மஸ்விங்கோ சேர்ந்தோம். உன் மாமியார் வாசலில் மண்டியிட்டு, கைகளைக் குவித்து மெல்லத் தட்டி எங்களை வரவேற்றார். எனக்கென்று சாய்வு நாற்காலி ஒன்று தனியாகப் போட்டிருந்தது, முதுகுக்கு இரண்டு தலையணையோடு. அதில் என்னை உட்கார வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, கவலையாக என் முகத்தைப் பார்த்தார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். "இப்ப நெஞ்சு எப்படி இருக்கு? விமானத்துல போக டாக்டர் சம்மதிச்சாரா? நாலு வருஷமா விடமாட்டேன்னு சொன்னாரே?" என்று கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடத்தில் சர்ச்சிலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பற்றி விசாரித்தார்கள். உன் மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுந்து நின்று, "சிங்கப்பூரில் இருக்கும் என் சகோதரரின் இருதயத்துக்காக" ஜெபம் பண்ணச் சொல்வாராம். ஒரு ஞாயிறு கூடத் தவறியதில்லையாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் களி மாதிரி கிண்டிய சோளமாவும், கீரையும், கோழியும் வைத்தார்கள். எனக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாமல் சமைத்திருந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் உன் அம்மாவிடம் கேட்டேன். "நான்தாங்க அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்," என்றாள். "கல்யாணத்தன்னைக்கு அந்த மனுசன் ஆசையா உங்களைக் கேட்டாரு. நான் வேற என்னத்தைச் சொல்ல? எங்க வீட்டுக்காரருக்கு உங்க பொண்ணு கறுப்புன்னு புடிக்கலன்னு சொல்லவா? நெஞ்சு வலின்னு சொன்னேன். அதுக்கப்புறம் உங்க பிள்ளைதான் பாவம், நாலு வருஷமா அதைக் கட்டிக் காப்பாத்துறான்." பிறகு என் கையைப் பிடித்து, "இங்க வாயைத் திறந்துடாதீங்க. நெஞ்சு வலியாவே இருந்துட்டுப் போகட்டும். அவனுக்கு இங்க நல்ல பேரு இருக்கு," என்றாள். நான் தலையாட்டினேன். ஒன்று சொல்ல வேண்டும், கதிர். பொய் சொல்ல உனக்கு முதலில் கற்றுக் கொடுத்தது உன் அம்மா இல்லை. உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது, லீவு நாளில் டிப்போவிலிருந்து போன் வந்தால் உன்னை எடுக்கச் சொல்லி, "அப்பா வீட்டுல இல்லன்னு சொல்லு," என்று காதில் ஓதுவேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வாய். நானும் சிரிப்பேன். எனக்காக நீ சொன்ன பொய்கள் எப்போது ஆரம்பித்தன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் எங்களைக் கல்லறைக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் குடும்பத்து நிலத்தில், ஒரு பாறைச் சரிவுக்குக் கீழே இருக்கிறது. உனக்கு அந்த இடம் தெரியும், சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நீயும் ஒருவன் என்று டட்டெண்டா சொன்னான். உன் அம்மா மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். உன் மாமியாரும் அவளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். டட்டெண்டா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைகளைத் தட்டி, தன் அப்பாவிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னான். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நீங்க யாருக்காக ஜெபம் பண்ணுனீங்களோ அவர் வந்துட்டார், அவருக்கு நெஞ்சு நல்லாயிடுச்சு, உங்க ஜெபம் வீணாப் போகலன்னு சொன்னேன்," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உடம்பு மட்டும் கூசியது.

அடுத்த நாள் காலை அந்தப் பழைய தலைநகரத்துக்குப் போனோம். அது உன் மாமனார் போட்டு வைத்த திட்டம். அங்கே இடிந்த சுவர்களைத் திரும்ப அடுக்குகிற குழுவில் அவர் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நீ எத்தனையோ முறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நான் கேட்டுக்கொள்ளவில்லை. சம்பந்தி வந்தால் வெயில் ஏறுமுன் குன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும், அங்கிருந்து முழு நகரத்தையும் காட்ட வேண்டும், அப்புறம் கீழே பெரிய மதிலுக்குள் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம். "அவர் சொன்ன மாதிரியே செய்யணும்," என்றார் உன் மாமியார். காலைக் குளிர் எலும்பைக் கடித்தது. அலமாரியிலிருந்து எடுத்து வந்து உன் அம்மா கொடுத்த அந்த அரக்குப் புடவையை அவர் நாலாக மடித்துத் தோளில் சால்வையாகப் போர்த்தியிருந்தார். உன் அம்மா தன்னால் ஏற முடியாது என்று குன்றின் அடியில் மரத்தடியிலேயே இருந்துவிட்டாள். டட்டெண்டா எனக்காக மடக்கு நாற்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

பாதை பாறைகளுக்கு நடுவே நெளிந்து போகிறது. சில இடங்களில் இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையே ஒரு ஆள் மட்டும் நுழையலாம். பாறை எங்கே முடிகிறது, அடுக்கிய சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது முப்பது படி ஏறியதும் டட்டெண்டா நாற்காலியை விரிப்பான். உன் மாமியார் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் எண்ணுவார். நெஞ்சு நோயாளிகள் அப்படித்தான் ஏற வேண்டும் என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். இப்படி மூன்று முறை. உச்சிக்குப் போனதும் தண்ணீர்ப் புட்டியைக் காரில் விட்டுவிட்டோம் என்று டட்டெண்டா கீழே ஓடினான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் பாறையில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான். கணவனைப் பறிகொடுத்து ஐந்து மாதமான, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் நின்றபடி இரைக்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு நாள் நோய் என்று படுக்காத நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"சிஸ்டர், நீங்க உட்காருங்க," என்று எழுந்தேன்.

"இல்ல இல்ல, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

"எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல."

"நல்லது. மருந்து வேலை செய்யுது."

"மருந்தே கிடையாது. எனக்கு எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "கல்யாணத்தன்னிக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்தேன். வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் வரல?"

தூரம், மதம், மொழி எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. அவர் தோளில் உன் அம்மா வாங்கிய புடவை கிடந்தது. "உங்க மக நிறம் எனக்குப் புடிக்கல," என்றேன். ஆங்கிலத்தில் அது இன்னும் அசிங்கமாக இருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த என் கையை. பிறகு பாறையில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்தார். எது அதிகக் கறுப்பு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

"அப்போ கதிர் சொன்னது?" என்றார்.

"எனக்காகச் சொன்ன பொய். என்னைக் காட்டிக் குடுக்க அவனுக்கு மனசு வரல."

அவர் அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே பள்ளத்தாக்கில் அந்தப் பெரிய வட்ட மதில் தெரிந்தது, அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுவர்கள், காய்ந்த புல். அவர் அதைப் பார்த்தபடியே பேசினார். "அவர் பாஸ்போர்ட் எடுத்தார். வாழ்க்கையில முதல் தடவையா. 'அந்த மனுஷனால வர முடியலன்னா நாமதான் போய்ப் பார்க்கணும், நோயாளியை யாராவது காக்க வைப்பாங்களா'ன்னு சொல்வார். கதிர்கிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவன், டாக்டர் வேண்டாங்கிறார், புது ஆளைப் பார்த்தா அப்பா உணர்ச்சிவசப்படுவார்னு சொல்வான். இவரும் சரி, அடுத்த வருஷம்னு சொல்வார்." தோளில் கிடந்த புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அந்த பாஸ்போர்ட்டுல ஒரு முத்திரை கூட இல்ல."

கதிர், என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாரி என்றேன். பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்கிற அதே வார்த்தை. அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. டட்டெண்டா தண்ணீரோடு வந்தான். அவர் அவனிடம் தங்கள் மொழியில் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுத விரும்பவில்லை. பிறகு அவர் எழுந்து, "இறங்கலாம். அவர் காட்ட நினைச்சது இன்னும் கீழ இருக்கு," என்றார். நாற்காலியை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. ஏறும்போது என் முழங்கையைப் பிடித்திருந்த கை இறங்கும்போது இல்லை.

உன் மாமியார் நினைத்திருந்தால் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் கணவர் போட்ட திட்டத்தில் ஒன்றையும் விடவில்லை. பெரிய மதிலுக்குள் கூட்டிப்போனார்கள். நம் பிளாக்கில் மூன்று நான்கு மாடி உயரம் இருக்கும், கதிர். செங்கல் அளவுக்கு உடைத்த கருங்கல், வரிசை பிசகாமல், ஒரு கரண்டி சாந்து இல்லாமல். உள்ளே இரண்டு உயரச் சுவர்களுக்கு இடையே குறுகலான பாதை, வானம் ஒரு நாடா அளவுக்கே தெரிகிறது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அதன் முடிவில் கூம்பு போல ஒரு கோபுரம். டட்டெண்டா வேலைக்காகச் சொல்கிற வழிகாட்டி மாதிரி, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் விளக்கிக்கொண்டு வந்தான். "எங்க ஊரைப் பிடிச்ச வெள்ளைக்காரங்க, இதை நாங்க கட்டியிருக்கவே முடியாதுன்னு சொன்னாங்க. கடல் தாண்டி வந்தவங்க யாரோ கட்டியிருப்பாங்கன்னு ரொம்ப காலம் எழுதினாங்க. இதைக் கட்டினது எங்க முன்னோர்கள்," என்றான். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். அவர்கள் சொன்னதை அப்படியே நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து நானும் சொன்னவன். அவனுக்கு அது தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு அன்று திராணி இல்லை.

கோபுரத்தைத் தாண்டி ஓரிடத்தில் உன் மாமியார் நின்றார். பல வருஷங்களுக்கு முன் மழையில் சரிந்த பகுதியாம். விழுந்த கல்லுக்கெல்லாம் எண் போட்டு, பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப வைத்திருக்கிறார்கள். "எது அவர் வெச்ச கல்லு?" என்று கேட்டேன். "கல்லு எல்லாம் பழசுதான். வெச்ச கை அவரோடது," என்றார் அவர். தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான்கு வருஷமாக என்னைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு மனிதருக்கு அவ்வளவு கிட்டத்தில் நான் அன்றுதான் நின்றேன். "நான் தொடலாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் தொடவில்லை.

மரத்தடியில் காத்திருந்த உன் அம்மா எங்கள் முகங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். காரில், "சொல்லிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டாள். "சொல்லிட்டேன்," என்றேன். "என் பிள்ளையைப் பொய்யனாக்கிட்டீங்க," என்றாள். வீடு வரும்வரை அழுதாள். நான் செய்தது சரி என்று அப்போது நினைக்கவில்லை, இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் மனப்பாரத்தை இறக்கி அந்த அம்மாவின் தலையில் வைத்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அந்த நாற்காலியில் இன்னொரு முறை என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அன்று சாப்பாட்டில் எனக்குத் தனிப் பாத்திரம் இல்லை. எல்லோருக்கும் எடுத்த சட்டியிலிருந்தே எனக்கும் பரிமாறினார்கள். கீரையில் உப்பு இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அங்கே இருந்தோம். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் உன் மாமியார் என்னிடம் பேச வேண்டியதை எல்லாம் உன் அம்மாவிடமே பேசினார். இரண்டு பேரும் சேர்ந்து சம்பந்தியின் சட்டைகளை மடித்து வைத்தார்கள். நம் பட்டு வேட்டியை உன் அம்மா தயங்கித் தயங்கிக் கொடுத்தபோது, அவர் அதையும் வாங்கி அந்தச் சட்டைகளுக்கு மேலேயே வைத்தார். கிளம்பும் நாள் காலையில் டட்டெண்டா பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். நானும் தூக்கினேன். அப்போது உன் மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சொன்னதை நான் மறக்காமல் இருக்க விமானத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அதை அப்படியே தருகிறேன்.

"கதிர்கிட்ட சொல்லுங்க. அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. அப்பாவைக் காப்பாத்தத்தான் சொன்னான், எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அவனே எனக்குப் போன் பண்ணட்டும். என் மகளுக்கு இது தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. அவன் சொல்றவரைக்கும் நானா எதுவும் கேட்க மாட்டேன். டிசம்பருக்கு எப்பவும் போல ரெண்டு பேரும் வரணும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்ககிட்டப் பேச எனக்கு நாளாகும்," என்றார். "சரி," என்றேன். அவர் கை குவித்து மெல்லத் தட்டினார். வந்த அன்று தட்டிய அளவுக்கு இல்லை. நானும் அதே மாதிரி தட்டினேன்.

இதுதான் நடந்தது, மகனே. இந்தக் கடிதத்தை அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். சிப்போவுக்குத் தெரியாதென்றால், உட்கார வைத்து நீயே சொல்லிவிடு. நான் சொன்ன சொற்களையும் குறைக்காமல் சொல். இனி யார் கேட்டாலும் எனக்கு நோய் எதுவும் இல்லை. என்னால் நீ நான்கு வருஷம், உன்னை மகனாக நினைத்த ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய். அவர் சாவுக்கு அழும்போதும் அது உன் நெஞ்சை அறுத்திருக்கும். அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

படித்து முடித்ததும் முதலில் உன் மாமியாரைக் கூப்பிடு. அங்கே அப்போது என்ன நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன் என்றார். எனக்கு அப்புறம் செய்தால் போதும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

அப்பா